பராமரிப்புத் தொகை வசூலில் நடத்தைப் பொருளாதாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில், குழந்தையுடன் வாழாத பெற்றோரிடமிருந்து பராமரிப்புத் தொகையை வசூலித்துத் தரும் அரசுத் திட்டம் 1975இல் தொடங்கியது. அண்மைக் காலத்தில் சில மாநிலங்கள், மனிதர்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் நடத்தைப் பொருளாதாரத்தின் துணையுடன் அதன் கடிதங்களையும் நடைமுறைகளையும் திருத்திப் பார்த்துள்ளன.

பணம் வராததற்கு மனமில்லாமையே காரணம் என்று முடிவுகட்டிவிடுவதுதான் இதில் முதல் தவறு. கட்டாதவர்களில் மறந்தவர் உண்டு, கடிதம் புரியாதவர் உண்டு, கையில் காசே இல்லாதவரும் உண்டு. மூவருக்கும் ஒரே எச்சரிக்கைக் கடிதம் போனால், மறந்தவருக்கு அது ஓரளவு உதவலாம். காசில்லாதவரோ பயந்துபோய் அலுவலகத்தின் பக்கமே வராமல் ஒதுங்கிவிடுவார்.

டெக்சாஸ் மாநிலத்தில் நடந்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிறையில் இருப்பவர், வருமானம் இல்லாத நிலையில் மாதத் தொகையைக் குறைக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். ஆனால் பெரும்பாலோர் விண்ணப்பிக்கவில்லை. அலுவலகம் கடிதத்தை எளிய நடையில் மாற்றி, கண்ணில் படும்படி நீலத்தாளில் அச்சிட்டு, படிவத்தில் தன்னிடமுள்ள விவரங்களைத் தானே நிரப்பி, முன்கூட்டியே ஓர் அஞ்சலட்டையும் அனுப்பியது. பூர்த்தி செய்து திருப்பியனுப்பியவர்கள் சுமார் 28 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாக உயர்ந்தனர். இந்த வேலையில் பாதியை அலுவலகமே ஏற்றுக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கடிதத்தின் சொற்களை மட்டும் மாற்றிவிட்டுப் படிவத்தைப் பழைய சிக்கலோடு விட்டுவைப்பது வீண்.

அடுத்த தவறு, எத்தனை பேர் கட்டினார்கள் என்று தலைகளை எண்ணிவிட்டுத் திருப்தியடைவது. ஒஹாயோவின் ஃபிராங்க்ளின் மாவட்டத்தில் நினைவூட்டல்கள் அனுப்பியபோது ஒரு முறையாவது பணம் கட்டியோர் விகிதம் சுமார் 3 சதவீதப் புள்ளி கூடியது. மொத்த வசூல் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. குழந்தைக்குச் சேர்ந்த பணத்தையே கடைசி அளவுகோலாக வைக்க வேண்டும். நினைவூட்டல் பெறாத ஒரு குழுவோடு ஒப்பிடாமல் எந்த முடிவையும் நம்புவதற்கில்லை என்பதும் இதனோடு சேர்ந்ததே. சம்பளத்திலேயே தொகை பிடிக்கப்படுவோருக்கு நினைவூட்டல் தேவையே இல்லை.

பலரும் கவனிக்கத் தவறுவது காலத்தின் விலையை. 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, ஏறிவிட்ட நிலுவையை நீதிமன்றம் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது; விண்ணப்பம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் தள்ளுபடியாகாத கடனாகவே சேர்கிறது. இச்செய்தி கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடக்கக் கூடாது, முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.