கத்தி தீட்ட ஆடாத இடம்: வீட்டிலேயே அமைக்கும் முறை

கத்தி மழுங்கியதும் எத்தனை நம்பர் கல் வாங்கலாம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அந்தக் கல் எதன்மேல் உட்காரப்போகிறது என்பதை முதலில் பாருங்கள். 7 செ.மீ. அகலக் கல்லின் ஒரு ஓரம் 2 மி.மீ. தூக்கினாலே கத்தியின் சாய்வு ஒன்றரை டிகிரிக்கு மேல் மாறிவிடும். ஒவ்வொரு இழுப்புக்கும் இப்படி மாறிக்கொண்டிருந்தால் கூர் ஏறாது, விளிம்பு உருண்டுதான் போகும். விலை உயர்ந்த கல்லும் ஆடும் மேஜையில் பயன்படாது. சாதாரண 1000 கிரிட் (கல்லின் நுணுக்கத்தைச் சொல்லும் நம்பர்) கல்லே அசையாமல் இருந்தால் சமையலறைக் கத்திக்குத் தாராளமாகப் போதும்.

1. இடம் பிடிப்பது

பர்மாவில், ரங்கூன் நகருக்குள் இருக்கும் நீளவாக்கு வீடுகளில் வெளிச்சம் முன்பக்கமும் பின்பக்கமும்தான். தண்ணீரும் பின்கட்டில் இருப்பதால், அங்குள்ள சிமெண்டு மேடையே முதல் தேர்வு. மேடை இல்லாவிட்டால் மேஜை. இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு மூலையில் வைத்து அழுத்துங்கள், பிறகு எதிர்மூலையில். கால் தூக்கினால் காகிதம் மடித்து வைக்காதீர்கள். நனைந்ததும் அது நசுங்கிவிடும். தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி வையுங்கள். மேஜையின் எதிர்ப்பக்கம் சுவரில் முட்டி நிற்கட்டும். தள்ளும் விசை சுவருக்குப் போய்விடும்.

தூண்மேல் நிற்கும் மரவீடு என்றால் தரையே ஆடும். பலகைகளில் வரிசையாக ஆணித்தலைகள் தெரியும், பாருங்கள். அந்த வரிசைக்கு அடியில்தான் உத்தரம் ஓடுகிறது. மேஜைக் கால்களை அந்த வரிசைமேல், முடிந்தால் தூண் ஓரமாக வையுங்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவில் வைத்தால் நீங்கள் அழுத்தும்போதெல்லாம் தரை அமுங்கி எழும்.

2. உயரம்

நின்று தீட்டுபவருக்குக் கல்லின் மேல்முகம் முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜை பெரும்பாலும் 75 செ.மீ.தான். அதில் குனிந்து நின்றால் பத்து நிமிடத்தில் இடுப்பு வலிக்கும், வலித்ததும் கை சாய்வை விட்டுவிடும். தரையில் உட்கார்ந்தே வேலை செய்து பழகியவர்கள் ஒரு சாண் உயர மணையில் உட்கார்ந்துகொண்டு, கல்லின் முகத்தை முழங்காலுக்கு முன்னால் தரையிலிருந்து 25 செ.மீ. அளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம். அரிவாள்மணையை மிதிப்பதுபோலத் தீட்டும் பலகையைக் காலால் மிதிக்காதீர்கள். கத்தி நழுவினால் நேரே விரலுக்குத்தான் வரும்.

3. பலகை

இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். தேக்குப் பலகை 40 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனம். தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் நனைந்து காய்ந்தாலும் அவ்வளவாகக் கோணாது. ரயில் கட்டைக்குப் போடும் பியிங்காடோ என்ற கடினமான பர்மா மரத்தின் துண்டு கிடைத்தால் இன்னும் கனமாக உட்காரும். ஆனால் ஆணி இறக்கும் முன் துளை போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும்.

பலகையின் அடியில், உங்கள் பக்கத்து ஓரத்தில், 3 செ.மீ. உயரச் சட்டம் ஒன்றைக் குறுக்கே பொருத்துங்கள். அது மேஜை விளிம்பில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும், நீங்கள் முன்னால் தள்ளும்போது பலகை ஓடாது.

மேலே இரண்டு சட்டங்கள், கல்லின் இரு தலைமாட்டிலும். உயரம் 1 செ.மீ. போதும். கல் 2.5 செ.மீ. கனம் என்றால் கத்தி சட்டத்தில் இடிக்காது, கல் தேய்ந்த பிறகும் இடம் மிஞ்சும். தொலைவில் இருக்கும் சட்டத்தை நேராக அடியுங்கள். உங்கள் பக்கத்துச் சட்டத்தைச் சற்றே சாய்வாக அடியுங்கள். கல்லுக்கும் அதற்கும் இடைவெளி ஒரு பக்கம் 8 மி.மீ., மறுபக்கம் 14 மி.மீ. என்று இருக்கட்டும். அதே சரிவில் ஓர் ஆப்பு சீவி, அகன்ற பக்கத்திலிருந்து கட்டைவிரலால் தள்ளுங்கள். ஈரம்பட்டு ஆப்பு உப்பும், பிடி இன்னும் இறுகும். சுத்தியலால் அடிக்க வேண்டாம், மென்மையான கல் உடைந்துவிடும்.

ஆணிக்குப் பதில் பித்தளை அல்லது துருப்பிடிக்காத திருகாணி, அதுவும் அடியிலிருந்து மேல்நோக்கி. மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் கத்தி அதில் உரசும்.

4. வழுக்காமல் இருக்க

டைல்ஸ் மேடைக்குப் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் பிளந்து, இரண்டு பட்டைகளைப் பலகையடியில் ஒட்டுங்கள். டியூபின் உள்ளே வெள்ளையாகப் பவுடர் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் அதுவே வழுக்கும்.

பலகை செய்ய நேரமில்லாதவர்களுக்கு ஈரத்துணி. மெல்லிய பருத்தித் துண்டை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரே மடிப்பாக விரித்துக் கல்லை வையுங்கள். கனத்த டர்க்கி துவாலை வேண்டாம், மெத்தைபோல அமுங்கும்.

தனக்கா (முகத்தில் பூசும் மரப்பட்டை) அரைக்கும் கல் வீட்டில் கனமாக, வாகாக இருக்கிறதே என்று அதில் கத்தியைத் தேய்க்காதீர்கள். இரும்புத்தூள் அதில் தங்கி, பிறகு முகத்துக்குப் போகும்.

5. வெளிச்சம்

தலைக்கு மேலே எரியும் விளக்கில் உங்கள் நிழலே கல்மேல் விழும். வலக்கைக்காரர் இடது முன்பக்கத்தில், தாழ்வாக, சாய்வாக வெளிச்சம் விழும்படி வையுங்கள். கத்தி விளிம்பை விளக்குக்கு நேரே மேல்நோக்கிப் பிடித்தால் மழுங்கிய இடங்கள் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான இடத்தில் அந்தக் கோடு இருக்காது. மின்வெட்டுக்குச் சார்ஜ் விளக்கு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பாதி வேலையில் இருட்டினால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் விளக்கைத் தேட வேண்டும்.

6. தண்ணீர்

சாதாரணத் தண்ணீர்க் கல்லைக் குமிழி நிற்கும்வரை, 10 முதல் 15 நிமிடம், ஊறவையுங்கள். எண்ணெய்க் கல்லை ஊறவைக்கக் கூடாது. மூடியில் துளையிட்ட பாட்டில் ஒன்று கைக்கு எட்டட்டும். கல்மேல் சேரும் சாம்பல் நிறச் சேறும் கத்தியைத் தேய்க்கும், அதை ஓயாமல் கழுவித் தள்ளாதீர்கள். முடிந்ததும் வாளியில் அலசி, அடியில் படிந்ததைக் குப்பையில் போடுங்கள். குழாயில் ஊற்றினால் அடைக்கும்.

7. சோதனை

பலகையின் ஓரத்தை ஒட்டி மேஜையில் பென்சில் கோடு போடுங்கள். உள்ளங்கையால் கல்லை இருபது தடவை முன்னும் பின்னும் அழுத்தித் தள்ளுங்கள். பலகை கோட்டைத் தாண்டியிருந்தால் 1, 3, 4 மூன்றையும் திரும்பப் பாருங்கள்.

அழுத்தத்துக்கும் ஒரு வழி உண்டு. கல்லை வீட்டுத் தராசில் வைத்து, முள் பர்மாக் கணக்கில் அரை வீசை, அதாவது சுமார் 800 கிராம், கூடுகிற அளவுக்கு விரலால் அழுத்திப் பழகுங்கள். தொடக்கத்துக்கு அது போதும். பிசிறு (விளிம்பின் மறுபக்கம் மடங்கி எழும் மெல்லிய உலோகம்) எழுந்த பிறகு பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

சாய்வுக்குக் கணக்கு: 4.5 செ.மீ. அகலக் கத்தியின் முதுகு கல்லிலிருந்து 12 மி.மீ. உயர்ந்தால் ஏறக்குறைய 15 டிகிரி, 15 மி.மீ. என்றால் 20 டிகிரி. கனத்த கத்திக்குப் பின்னது. அந்த உயரத்துக்குச் சீவிய மரத்துண்டைக் கல்லின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமும் தொடங்கும் முன் சரிபாருங்கள்.

8. எடுத்து வைப்பது

கல்லை ஆப்பு தளர்த்தி எடுத்து, இரண்டு மூங்கில் குச்சிகள்மேல் பக்கவாட்டில் நிறுத்தி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிப்பு விழும். மே பாதியிலிருந்து அக்டோபர் வரையான மழையில் ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும், இரண்டு நாளாவது காற்றாட விடுங்கள். பலகையையும் சுவரில் சாய்த்து வையுங்கள். படுக்கப் போட்டால் ஒரு முகம் மட்டும் காய்ந்து வளைந்துவிடும்.