வங்கி மீது ஆம்புட்ஸ்மேனிடம் புகார்: எப்போது கொடுக்கலாம், எப்படி எழுதலாம்

வங்கி மீது ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கிகள் மீதான வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம், புகார் கொடுத்தால் பலன் இருக்குமா? இருக்கும், ஆனால் வங்கி ஏதாவது ஒரு விதியை மீறியிருக்க வேண்டும், அல்லது தர வேண்டிய சேவையில் குறை வைத்திருக்க வேண்டும். லோன் தரவில்லை, மேனேஜர் சரியாகப் பேசவில்லை என்று போனால் நேரம்தான் வீண். லோன் தருவதும் தராததும் வங்கியின் வணிக முடிவு, அதில் அவர் தலையிட மாட்டார்.

அதனால் முதலில் உங்கள் பிரச்சினைக்கு என்ன விதி இருக்கிறது என்று பாருங்கள். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி 5 நாளுக்குள் திருப்பிப் போட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய், அதுவும் நீங்கள் கேட்காமலே தர வேண்டும். யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்பி வர வேண்டும். வீட்டுக் கடனை முழுக்கக் கட்டி முடித்த பிறகும் பத்திரத்தைத் தராமல் இழுத்தடிக்கிறார்களா? 30 நாள் தாண்டினால் நாளுக்கு 5,000 ரூபாய், 2023 டிசம்பரிலிருந்து இதுதான் விதி. இதையெல்லாம் கவுன்டரில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது வங்கிக்கே எழுத்தில் புகார். பலருடைய புகார் அடிபட்டுப் போவது இங்கேதான். நேராக ஆம்புட்ஸ்மேனிடம் போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பிராஞ்சில் நாலு தடவை ஏறி இறங்கியதற்கும் ஆதாரம் இருக்காது. வங்கியின் குறைதீர்ப்பு முகவரிக்கு மெயில் அனுப்புங்கள், இல்லையென்றால் கடிதம் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வேறு வங்கியின் ஏடிஎம்மாக இருந்தாலும் புகார் உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குத்தான். கதை வேண்டாம், இப்படி எழுதினால் போதும்:

"இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. தொகையையும், 5 நாளுக்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீட்டையும் வரவு வைக்கவும். பணம் வந்துவிட்டது என்பது உங்கள் நிலை என்றால், அந்த மெஷினின் பதிவையும், பணம் எண்ணிச் சரிபார்த்த விவரத்தையும் எனக்குத் தரவும்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "எங்கள் சிஸ்டத்தில் சக்சஸ் என்று காட்டுகிறது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடித்துக்கொள்ள முடியாமல் செய்வது அதுதான்.

30 நாள் காத்திருங்கள். பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் அப்புறம் ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளமான சிஎம்எஸ்ஸில் பதியலாம். ரிசர்வ் வங்கியின் 2021 ஆம்புட்ஸ்மேன் திட்டத்தில் வங்கி பதில் தந்த நாளிலிருந்து ஒரு வருடம் கெடு இருந்தது, இழுக்காமல் பதிந்துவிடுங்கள், பதில் வந்த தேதிக்கு ஆதாரமாக "உங்கள் புகார் முடிக்கப்பட்டது" என்று வரும் எஸ்எம்எஸ்ஸையும் அழிக்காமல் வையுங்கள். ஆன்லைன் சிரமம் என்றால் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தபாலில் தமிழிலேயே எழுதி அனுப்பலாம், சந்தேகம் கேட்க 14448 என்ற தொலைபேசி எண் இருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. புகாரை முடித்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

படிவத்தில் என்ன வேண்டும் என்பதை ரூபாயில் போடுங்கள், "நீதி வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 2021 திட்டத்தில் நஷ்டத்துக்கு 20 லட்சம் வரையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக 1 லட்சம் வரையும் இழப்பீடு என்று வைத்திருந்தார்கள். ஆனால் பெரும்பாலான புகார்கள் உத்தரவு வரை போவதேயில்லை, ஆம்புட்ஸ்மேன் விளக்கம் கேட்ட பிறகு வங்கி சமரசத்துக்கு வந்துவிடுகிறது. என் கணக்கில் உண்மையான பலனே இதுதான்.

சாட்சி விசாரணை தேவைப்படுகிற சிக்கலான வழக்கு என்றால் ஆம்புட்ஸ்மேன் ஒதுக்கிவிடுவார், அதற்கு நுகர்வோர் ஆணையம்தான் சரி. ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தை இங்கே கொண்டுவர முடியாது, அங்கே போக 2 வருடக் கெடுவும் உண்டு, எனவே இங்கே தொடங்கும்போதே அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்துவிட்டால் 30 நாளுக்குள் சம்மதக் கடிதத்தை வங்கிக்கு அனுப்பிவிடுங்கள், அனுப்பாவிட்டால் அந்த உத்தரவு காலாவதியாகிவிடும்.