கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்: அப்ளை பண்ணியாச்சு, அடுத்து என்ன?

கம்யூனிட்டி காலேஜில் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) யாரையும் வடிகட்டுவதில்லை. ஹைஸ்கூல் முடித்தவர்களும், முடிக்காவிட்டாலும் 18 வயது நிரம்பிப் படிக்கத் தயாராக இருப்பவர்களும் சேரலாம். நுழைவுத்தேர்வு கிடையாது, விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. இந்தச் சுலபம்தான் பலரை ஏமாற்றுகிறது. விண்ணப்பம் போட்டதும் மாணவர் எண் வந்துவிடும்; சீட் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும்போது பார்த்தால் ஒரு வகுப்பிலும் பெயர் இருக்காது, பணஉதவிக்கான படிவமும் போயிருக்காது.

விண்ணப்பம், வகுப்புப் பதிவு, பணஉதவி மூன்றும் தனித்தனி வேலைகள். ஒன்றைச் செய்தால் இன்னொன்று தானாக நடக்காது. மூன்றில் பணத்துக்கான வேலைதான் அதிக நாள் இழுக்கும். ஆனால் எல்லாரும் அதைத்தான் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். இங்கே சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவின் 116 கம்யூனிட்டி காலேஜ்களுக்குப் பொருந்தும். வேறு மாநிலங்களில் கட்டணமும் படிவங்களும் வேறு.

தொடங்குமுன்: பெயரை ஒரே மாதிரி வையுங்கள்

நம் வீடுகளில் இனிஷியல் ஒரு தனித் தலைவலி. பள்ளிப் பதிவேட்டில் "எஸ். கார்த்திகேயன்", பாஸ்போர்ட்டில் "கார்த்திகேயன் செல்வராஜ்", வேறோர் இடத்தில் அப்பா பெயர் நடுப்பெயராக. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால், விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யு" (முதற்பெயர் தெரியவில்லை) என்று வந்துவிடும். நமக்கு இவர்கள் எல்லாரும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

சோஷியல் செக்யூரிட்டி கார்டு (அமெரிக்க அரசு தரும் எண் அட்டை) இருந்தால் அதில் உள்ள எழுத்துக்கூட்டலையே காலேஜ் விண்ணப்பத்திலும் பணஉதவிப் படிவத்திலும் போடுங்கள். ஃபெடரல் பணஉதவிப் படிவம் பெயர், பிறந்த தேதி, எண் மூன்றையும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தவில்லை என்றால் படிவம் நகராது. கார்டிலேயே பெயர் தவறாக இருந்தால் அதைத் திருத்துவதுதான் முதல் வேலை.

படி 1: விண்ணப்பம்

காலேஜின் இணையதளத்தில் "அப்ளை" பொத்தானை அழுத்தினால் சிசிசி அப்ளை என்ற மாநிலப் பொதுத் தளத்துக்குப் போகும். கணக்குத் தொடங்க உங்கள் சொந்த ஈமெயிலைக் கொடுங்கள். ஹைஸ்கூல் கொடுத்த ஈமெயில் வேண்டாம். பட்டமளிப்பு முடிந்த கையோடு அதை மூடிவிடுவார்கள், எல்லாத் தகவலும் அங்கேயே போய்க்கொண்டிருக்கும்.

உள்ளே இரண்டு கேள்விகளைக் கவனமாக நிரப்புங்கள். ஒன்று, படிப்பின் நோக்கம். பட்டம், சான்றிதழ், நான்காண்டுப் பல்கலைக்கு மாறுதல் இவற்றில் ஒன்றாக இருந்தால்தான் ஃபெடரல் உதவி கிடைக்கும். "சும்மா ஒரு வகுப்பு", "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று போட்டுவிட்டுப் பிறகு பணம் ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. மேஜரை (முதன்மைப் பாடத்தை) பிறகு மாற்றிக்கொள்ளலாம். இப்போதைக்கு ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்றொன்று, எந்தப் பருவத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பது. ஃபால் என்று நினைத்து சம்மரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பதிவுத் தேதியே குழம்பிவிடும்.

சில வேலை நாட்களில் மாணவர் எண் ஈமெயிலில் வரும். வரவில்லை என்றால் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் அட்மிஷன்ஸ் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். பணஉதவியைச் சுருட்டுவதற்காகப் போலி மாணவர்கள் பெயரில் ஏராளமான விண்ணப்பங்கள் வருவதால் காலேஜ்கள் சந்தேகப்படுபவற்றை நிறுத்தி வைக்கின்றன. உண்மையான பிள்ளைகளின் விண்ணப்பமும் அந்த வலையில் மாட்டும். அடையாள அட்டையைக் காட்டினால் விடுவித்துவிடுவார்கள்.

படி 2: வதிவிடம்

கலிஃபோர்னியாவாசிக்கு யூனிட் (வகுப்பின் அளவைக் குறிக்கும் அலகு) ஒன்றுக்கு 46 டாலர். மூன்று யூனிட் வகுப்பு 138 டாலர், 12 யூனிட் 552 டாலர். டி ஆன்ஸா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் முறைக் காலேஜ்களில் குவார்ட்டர் யூனிட்டுக்கு 31. வெளியாள் என்று முத்திரை விழுந்துவிட்டால் இதற்கு மேல் யூனிட்டுக்குப் பல நூறு டாலர் கூடும்.

பருவம் தொடங்குவதற்கு முந்தைய நாளோடு, மாநிலத்தில் ஓர் ஆண்டும் ஒரு நாளும் வசித்திருக்க வேண்டும். இங்கேயே நிலையாக இருக்கும் எண்ணத்துக்கு ஆதாரமும் வேண்டும். மாநில வருமானவரி, ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம் போன்றவை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் வதிவிடத்தையே பார்ப்பார்கள்.

எச்-1பி (வேலை), எச்-4 (எச்-1பிகாரரின் குடும்பத்தார்) விசாவில் இருப்பவர்கள் இந்த நிபந்தனைகளை நிறைவு செய்தால் உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். பலருக்கு இது தெரிவதில்லை. எச்-4ல் இருப்பவர் படிக்க எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதும் இல்லை. எஃப்-1 விசாவில் வருபவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கு விண்ணப்பமும் தனி, வெளியாள் கட்டணமும் உண்டு. கணினி உங்களை "வெளியாள்" என்று காட்டினால் அதுவே முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வதிவிடப் படிவத்தோடு ஆவணங்களைக் கொடுத்துப் பருவம் தொடங்குமுன் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: பணம்

ஃபாஃப்சா என்பது ஃபெடரல் மாணவர் உதவிக்கான இலவச விண்ணப்பம். அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். மாநிலம் தரும் கேல் கிராண்ட் என்ற உதவித்தொகைக்கு மார்ச் 2 முக்கியக் கெடு. கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு மட்டும் செப்டம்பர் 2 என்று இரண்டாவது வாய்ப்பும் உண்டு.

"எங்கள் சம்பளத்துக்கு ஒன்றும் கிடைக்காது" என்று படிவத்தையே தொடாமல் விடும் ஐடி குடும்பங்கள் அநேகம். அது தவறான கணக்கு. பல காலேஜ்கள் முதன்முறையாக, முழுநேரமாகச் சேரும் மாணவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. பிராமிஸ் திட்டம் என்பார்கள். அதற்கும் ஃபாஃப்சா போட்டிருக்க வேண்டும். இதே பெயரில் கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் என்று இன்னொன்றும் உண்டு. அது வருமானத்தையும் தேவையையும் பார்த்து யூனிட் கட்டணத்தை ரத்து செய்யும். ஒரே ஒரு வகுப்பு எடுத்தாலும் பொருந்தும். முதலாவது காலேஜுக்குக் காலேஜ் மாறும், இரண்டாவது மாநிலம் முழுவதும் ஒன்றே. பெயர் ஒன்றுபோல இருப்பதால் அலுவலகத்தில் கேட்கும்போது எதைக் கேட்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

யார் போடலாம்? மாணவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்தால் போதும். பெற்றோர் எந்த விசாவில் இருக்கிறார்கள் என்பது குறுக்கே வராது. இங்கே பிறந்த பிள்ளைக்கு அப்பா எச்-1பியில் இருந்தாலும் தகுதி உண்டு. எச்-4, எஃப்-1 மாணவர்களுக்கு ஃபெடரல் உதவி கிடையாது. ஆவணமில்லாத மாணவர்களுக்குக் கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் தனியாக இருக்கிறது.

நிரப்பும் முறை இது. மாணவருக்கும் பெற்றோரில் ஒருவருக்கும் தனித்தனியே ஸ்டூடன்ட் எய்ட் கணக்குத் தொடங்குங்கள். பெற்றோர் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் ஒருவரே போதும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரும் கணக்குத் தொடங்கலாம். பிறகு மாணவர் தன் படிவத்திலிருந்து பெற்றோருக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். 2025–26 படிவம் வரை சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வந்தது. பிள்ளை அம்மாவின் பெயரை "லட்சுமி" என்று கூப்பிடுகிற மாதிரி அடித்தது. அம்மாவின் கணக்கில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடவோ குறையவோ இருந்தது. அழைப்பு ஒட்டவில்லை. 2026–27 படிவத்திலிருந்து பெற்றோரின் ஈமெயிலைக் கொடுத்தால் போதும்; அதை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடியுங்கள்.

வரித்தகவலை ஐஆர்எஸ் என்ற ஃபெடரல் வரித்துறையிலிருந்து நேரடியாக எடுக்கச் சம்மதம் கேட்கும். மாணவரும் அழைக்கப்பட்ட பெற்றோரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் ஃபெடரல் உதவி பூஜ்யம். சொத்துக் கேள்வி வந்தால், நீங்கள் குடியிருக்கும் வீட்டைச் சேர்க்க வேண்டாம். சென்னையில் வாடகைக்கு விட்டிருக்கும் ஃபிளாட்டைச் சேர்க்க வேண்டும்.

படிவம் அனுப்பியதோடு வேலை முடியவில்லை. சில நாளில் காலேஜின் மாணவர் போர்ட்டலில் "செய்ய வேண்டியவை" பட்டியல் வரும்: சரிபார்ப்புப் படிவம், அடையாள ஆவணம், ஏதாவது ஒன்று. இதைப் பார்க்காமலே செப்டம்பர் வரை காத்திருப்பவர்களுக்குப் பணம் வராது, ஏன் வரவில்லை என்றும் யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பணம் நேரடியாக வங்கிக்கு வர டெபாசிட் விவரத்தையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

எவ்வளவு வரும்? 2025–26க்கு பெல் கிராண்ட் என்ற ஃபெடரல் உதவித்தொகையின் உச்சம் ஆண்டுக்கு 7,395 டாலர். எத்தனை யூனிட் எடுக்கிறீர்களோ அந்த விகிதத்தில் குறையும். 12 யூனிட் 100 சதவீதம், 9 யூனிட் 75, 7 யூனிட் 58. உச்சத்துக்குத் தகுதியானவர் 7 யூனிட் எடுத்தால் செமஸ்டருக்கு ஏறக்குறைய 2,145 டாலர். உங்கள் படிப்புக்குத் தேவையில்லாத வகுப்பு இந்தக் கணக்கில் சேராது. கேல் கிராண்டின் பி அல்லது சி வகையைப் பெறுபவர்களுக்கு இன்னொரு மாநில உதவி உண்டு: 12 முதல் 14 யூனிட் வரை செமஸ்டருக்கு 1,298 டாலர், 15 எட்டினால் 4,000 டாலர் வரை. ஒரு யூனிட் வித்தியாசத்தில் 2,702 டாலர்! ஆனாலும் வாரம் இருபது மணிநேரம் வேலைக்குப் போகிறவர் இதற்காக 15ஐத் தூக்கிக்கொள்வது எங்கள் பார்வையில் ஆபத்து. ஒரு யூனிட் என்றால் வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து வாரம் மூன்று மணிநேரம். 15 யூனிட் 45 மணிநேரம்.

படி 4: ஓரியன்டேஷன், பிளேஸ்மென்ட், படிப்புத் திட்டம்

ஓரியன்டேஷன் என்றால் காலேஜ் அறிமுகம், பிளேஸ்மென்ட் என்றால் எந்த நிலை வகுப்பில் சேர்வது என்ற முடிவு. இந்த மூன்றையும் முடித்தால்தான் வகுப்புப் பதிவில் முன்னுரிமை. ஓரியன்டேஷன் பெரும்பாலும் ஆன்லைனில் ஒன்றிரண்டு மணிநேரம். ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் பழைய மாதிரி தேர்வு கிடையாது. ஹைஸ்கூல் மதிப்பெண் சராசரியைக் கொண்டு வகுப்பைச் சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டில் பள்ளி முடித்தவர்களுக்கு வழிகாட்டிக் கேள்விகள் இருக்கும்.

கவுன்சிலரைப் பார்க்கும் நேரத்தை மட்டும் சீக்கிரமே வாங்குங்கள். ஜூலையில் கேட்டால் மூன்று வாரம் தள்ளிக் கிடைக்கும். பல்கலைக்கு மாறும் எண்ணம் இருந்தால், போகும்போதே எந்தப் பல்கலை, எந்த மேஜர் என்று இரண்டு மூன்றை எழுதிக்கொண்டு போங்கள். எந்த வகுப்பு அங்கே செல்லும் என்பதை, அதைக் காட்டும் அசிஸ்ட் என்ற இணையதளத்தில் பார்த்துத்தான் திட்டம் போடுவார்கள்.

படி 5: வகுப்புப் பதிவு

போர்ட்டலில் உங்கள் பதிவுத் தேதியும் மணியும் இருக்கும். அதற்கு ஒரு வாரம் முன்பே இரண்டைப் பாருங்கள். பதிவைத் தடுக்கும் "ஹோல்டு" ஏதாவது இருக்கிறதா? முன்தேவை (முதலில் முடித்திருக்க வேண்டிய) வகுப்புக்கான சான்று ஏறியிருக்கிறதா? வேறு காலேஜிலோ இந்தியாவிலோ படித்ததைக் காட்டி முன்தேவையைத் தீர்க்க நாட்கள் பிடிக்கும். இந்திய மதிப்பெண் பட்டியலை அங்கீகரித்த நிறுவனத்திடம் கொடுத்து மதிப்பீடு வாங்கச் சொல்வார்கள்.

நான்கு வகுப்பு வேண்டும் என்றால் ஏழு வகுப்பு எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு வரியை முழுதாகப் படியுங்கள்: சில அட்டவணைகளில் வியாழனுக்கு "ஆர்" என்று போடுவார்கள், "டி" என்றால் செவ்வாய் மட்டும். "ஏசிங்க்ரனஸ்" என்றால் நேரம் குறிக்காத ஆன்லைன் வகுப்பு. "இசட்டிசி" என்றிருந்தால் பாடப்புத்தகச் செலவு இல்லை. இரண்டு வகுப்பில் தேர்வு செய்ய முடிந்தால் அதையே எடுங்கள். 2025 ஃபாலிலிருந்து சில வகுப்புகளின் எண்ணில் "சி" சேர்ந்திருக்கிறது. "இங்கிலீஷ் சி1000" என்றால் எல்லாக் காலேஜிலும் ஒன்றே.

இணையத்தில் "கார்ட்" என்ற தேர்வுப் பட்டியலில் போட்டது பதிவானதாகாது. "கார்ட்"டில் நான்கு வகுப்பையும் வைத்துவிட்டுத் தூங்கப் போனவர் காலையில் எழுந்தால் மூன்று நிரம்பியிருக்கும். ஒவ்வொரு வகுப்புக்கு நேராகவும் "என்ரோல்டு" என்று வரும்வரை பக்கத்தை மூடாதீர்கள். நிரம்பிய வகுப்பு என்றால் வெயிட்லிஸ்டில் சேருங்கள், முதல் நாள் வகுப்புக்கும் போங்கள். இடம் காலியானால் ஆசிரியர் அனுமதி எண் கொடுப்பார். அது ஒரு சில நாளுக்குத்தான் செல்லும்.

கட்டணக் கெடுவையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். சில காலேஜ்கள் கட்டாதவர்களை வகுப்பிலிருந்து நீக்கிவிடும், சில நீக்காமல் கடன் எழுதி வைக்கும். கட்டணம் ரத்தானாலும் உடல்நலக் கட்டணம், பார்க்கிங் போன்றவை மிச்சமிருக்கும்.

படி 6: முதல் மூன்று வாரம்

முதல் நாள் வராதவரின் பெயரை ஆசிரியர் எடுத்துவிடலாம். ஆன்லைன் வகுப்பிலும் அப்படித்தான்: உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது, முதல் வேலையைக் கெடுவுக்குள் செய்ய வேண்டும். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். போகாமல் இருந்தால் தானாகப் பெயர் போய்விடும் என்று நம்பியவருக்குப் பருவ முடிவில் "எஃப்"பும் கட்டணப் பாக்கியும் கைக்கு வரும். வேண்டாம் என்றால் நீங்களே போர்ட்டலில் டிராப் செய்யுங்கள். முழுப் பருவ வகுப்புக்குப் பணம் திரும்பப் பெறும் கெடு பெரும்பாலும் இரண்டாம் வாரத்தோடு முடியும். சென்சஸ் நாளுக்கு (காலேஜ் மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் நாள்) முன் விலகினால் பதிவேட்டில் தடமே இருக்காது. பிறகு விலகினால் விலகியதற்கான குறி "டபிள்யூ" விழும்.

பெல் கிராண்ட் வாங்கியவர் எல்லா வகுப்பையும் பருவத்தின் 60 சதவீதம் தாண்டுமுன் விட்டால், இருந்த நாட்களுக்கான பங்கு மட்டுமே அவருடையது. 30 சதவீதத்தில் போனால் 30 சதவீதம். மிச்சத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள். ஆகையால் டிராப் பொத்தானை அழுத்துமுன் பணஉதவி அலுவலகத்தில், "இதை விட்டால் நான் எவ்வளவு திருப்பித் தர வேண்டியிருக்கும்?" என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.