பள்ளி நூலகப் பொறுப்பை ஏற்கும் முன்

அக்சஷன் ரெஜிஸ்டரை, அதாவது நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் எண் கொடுத்துப் பதியும் பதிவேட்டைப் பார்க்காமல் பொறுப்பேற்புக் கையெழுத்துப் போடாதீர்கள். அதிலிருந்து 20 எண்களை எடுத்து அலமாரியில் தேடுங்கள். காணாமல் போனவை தெரியும். பிறகு அலமாரியிலிருந்து 20 புத்தகங்களை உருவி ரெஜிஸ்டரில் தேடுங்கள். பதியாமலே அடுக்கியவை சிக்கும். இந்த இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதுகு லேபிள் உதிர்ந்திருந்தால் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் எண் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். நாலைந்து பொருந்தாவிட்டால் முழு இருப்புச் சரிபார்ப்பு கேளுங்கள். நேரமில்லை என்பார்கள், அப்போது 'இருப்பு சரிபார்க்கப்படவில்லை' என்று எழுதியே கையெழுத்திடுங்கள்.

இரவல் பட்டியலில் ஆசிரியர்கள் பெயரையும் விடாதீர்கள், பழைய பாக்கி பெரும்பாலும் அங்கேதான் தேங்கும். நூலக மென்பொருளின் அட்மின் கணக்கு முன்னவரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கக்கூடும். அவர் கிளம்புவதற்குள் மாற்றிவிட்டு, பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.