நஞ்சு நீக்கிய நிலமா? இவற்றைச் செய்யாதீர்கள்

கடலூரில் உப்பனாற்றை ஒட்டிய சிப்காட் தொழிற்பேட்டை ஊர்களிலும், புதுச்சேரியில் குருமாம்பேட் குப்பைக் கிடங்குப் பக்கமும், கெட்ட நிலத்தை மீட்டு ஊருக்குத் திருப்பித் தர வரும் இளைஞர்களைப் பார்க்கிறேன். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் முன்பு எங்கள் காலத்தில் நடந்த அதே கோளாறுகள் புது மெருகோடு நடக்கின்றன. கையுறை போடுங்கள், முகக்கவசம் அணியுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

எதற்குச் சுத்தம் என்று கேட்காமல் இருப்பது

மண் சோதனை அறிக்கை கைக்கு வந்ததும், நஞ்சு இவ்வளவு மிஞ்சலாம் என்ற அளவை எந்தப் பயன்பாட்டுக்காகத் தீர்மானித்தார்கள் என்று பாருங்கள். லாரி நிறுத்துமிடத்துக்குப் போதுமான சுத்தம் கீரைப் பாத்திக்குப் போதாது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாமா கூடாதா என்ற வழக்கும் வாதமும் ஆண்டுக்கணக்கில் நீண்டன.

பட்டா

யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு கன்றுகூட நடாதீர்கள்.

வெட்டிவேரை நட்டு, வேரை விற்பது

நொச்சிக்காடு போன்ற கடலோர மணற்பாங்கான ஊர்களில் வெட்டிவேர் பணப்பயிர். அதனால் புதிதாக வரும் குழுக்களின் திட்டத்தில் இது தவறாமல் இருக்கும்: வெட்டிவேர் நடுவோம், மிச்சமிருக்கும் உலோக நஞ்சை அது உறிஞ்சும், ஓராண்டில் வேரைத் தோண்டி விற்போம், பணம் மகளிர் குழுவுக்கு. கேட்பவர்கள் கைதட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெட்டிவேர் ஆர்சனிக், காட்மியம், குரோமியம் போன்றவற்றைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும். இலைக்குக் குறைவாகவே ஏற்றும். சந்தைக்குப் போவதோ அந்த வேர்தான். அதைத்தான் பானைத் தண்ணீரில் போடுகிறோம், குளியல் பொடியில் அரைக்கிறோம். வேர் நஞ்சை எடுத்திருந்தால் விற்கக் கூடாது. எடுக்கவில்லை என்றால் நட்டதே வீண். இரண்டு லாபத்தையும் ஒரே கணக்கில் எழுத முடியாது.

ஒரு குழு நான் சொன்னதைக் கேட்காமல் நட்டது. வேர் எடுத்த அன்று போயிருந்தேன். மண்வெட்டியால் இரண்டடிக்குப் புரட்டிப் போட்டிருந்தார்கள். மேலே பரப்பிய நல்ல செம்மண்ணும் அடியில் கிடந்த சாம்பல் நிற மண்ணும் ஒன்றாகிக் காற்றில் பறந்தன. பெண்கள் வெறுங்கையால் வேரை உதறிக்கொண்டிருந்தார்கள். வேரை அலசிய தண்ணீர் பக்கத்து வாய்க்காலுக்குப் போனது. வாங்க வந்திருந்த பெரியவர் ஒரு கட்டு வேரை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, எந்த இடத்து வேர் என்று விசாரித்தார். சொன்னார்கள். "நஞ்சை எடுக்கட்டும் என்றுதானே நட்டீர்கள்? எடுத்ததை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களே, தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டார். படித்தவர்கள் இத்தனை பேர் கூடியிருந்த இடத்தில் சரியான கேள்வியைக் கேட்டவர் வியாபாரி!

அந்த வேரை என்ன செய்வது? எரித்தால் ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையோடு போகும், மற்றவை சாம்பலில் தங்கும். ஆய்வக முடிவில் அளவு மிஞ்சினால், அபாயக் கழிவாகக் கும்மிடிப்பூண்டிக் கிடங்குக்குத்தான் போக வேண்டும். சோதனைக் கட்டணம், லாரி வாடகை, கிடங்குக் கட்டணம், கலந்துபோன மண்ணை மறுபடி அள்ளும் கூலி எல்லாம் சேர்ந்தால் மகளிர் குழுவின் சேமிப்பே கரைந்துவிடும்.

வெட்டிவேர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரிவில் மண் அரிக்காமல் பிடித்து வைக்க அதைப்போல் வேறொன்று கிடையாது. நட்ட பிறகு தோண்டாதீர்கள், அவ்வளவுதான். வருமானம் வேண்டுமென்றால் கட்டடச் சாரத்துக்குப் போகும் சவுக்கு இருக்கிறது. அதை யாரும் தின்பதில்லை.

சோதனைக்குச் சித்திரையில் மட்டும் மண் எடுப்பது

காய்ந்த மண்ணில் ஆர்சனிக் இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடக்கும். ஐப்பசி மழையில் வயலில் நீர் தேங்கினால் அந்தப் பிடி தளரும். ஆர்சனிக் தண்ணீரில் இறங்கி நெல்லுக்கு ஏறும். காட்மியம் இதற்கு நேர்மாறு. நீர் தேங்கி நிற்கும்வரை அடங்கியிருந்து, வடிந்ததும் பயிருக்கு ஏறும். கீரை அதை நன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே மழைக்கு முன்பும் பின்பும் மண் எடுங்கள். என்ன பயிர் என்பதையும் ஆய்வகத்துக்குச் சொல்லுங்கள். நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்று 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய போர்வெல் தண்ணீர்

மண்ணை மாற்றிவிட்டு அதே தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள்.

லோடு மண்

மேலே பரப்ப வரும் மண்ணை யாரும் சோதிப்பதில்லை. ஏரி வண்டல் என்றதும் மனம் குளிர்ந்துவிடுகிறது. அந்த ஏரிக்கு எந்தச் சாக்கடை வருகிறது என்று கேளுங்கள். எடுக்கும் இடத்துக்கே போய், குழியின் நான்கு பக்கமும் மண் எடுத்துச் சோதித்து, முடிவு வந்த பிறகு லாரியைக் கூப்பிடுங்கள். கொட்டிய பிறகு டிரைவரிடம் வாதாடி மண்ணைத் திருப்பி அனுப்பியவரை நான் பார்த்ததில்லை.