முகத்தில் மங்கு, கரும்புள்ளி: எங்கிருந்து தொடங்குவது?

கன்னத்தில் மங்கு தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். எலுமிச்சை தேய், உருளைக்கிழங்கு தேய், மெடிக்கலில் இந்த டியூபைக் கேட்டு வாங்கு என்று. எதையும் புதிதாகப் பூசுவதற்கு முன், முகத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பது எது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். நம் நிறத் தோலில் சின்ன எரிச்சல்கூடக் கருமையில் போய் முடியலாம். கீழே உள்ள படிகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

படி 1: எந்த வகை என்று பாருங்கள்

மேக்கப் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். அப்படியே ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு கன்னங்கள், நெற்றி, மேலுதட்டின் மேல்பகுதி இங்கெல்லாம் பழுப்பாகப் படர்ந்திருந்தால் பெரும்பாலும் மங்கு. கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் இது அதிகமாகும். பரு வந்து போன இடத்தில் மட்டும் கருமை இருந்தால் அது பருவின் தடம். பரு நின்றால் மெல்ல மெல்லத் தானே மங்கும். சின்ன வயதிலிருந்தே மூக்கிலும் கன்னத்திலும் பொடிப்பொடியாக இருப்பவை ஃப்ரெக்கிள்ஸ். வெளிறிய நிறம் உள்ளவர்களுக்குப் பரம்பரையாக வருவது, வெயிலில் கருக்கும், நோய் அல்ல.

குங்குமம் வைக்கிற இடத்திலோ, ஹேர் டை படும் நெற்றியோரத்திலோ மட்டும் கருத்திருந்தால் அந்தப் பொருளின் ஒவ்வாமையாக இருக்கலாம். அதை விடாமல் எந்த கிரீம் போட்டும் பயனில்லை.

படி 2: நிறுத்த வேண்டியதை நிறுத்துங்கள்

மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கி வரும் ‘மங்கு கிரீம்’ பலவற்றில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன் மூன்றும் கலந்திருக்கும். இதில் மோமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. போட்ட சில வாரங்களில் முகம் பளிச்சென்று ஆகிவிடும், அதனால்தான் பலரும் மாதக்கணக்கில் விடாமல் போடுகிறார்கள். அப்புறம் தோல் மெலிந்து, சிவப்பாக ரத்தக் குழாய்கள் தெரிந்து, பருவும் ரோமமும் வரும். விட்டால் எரிச்சல், மங்கும் திரும்பிவிடும். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன என்பதுதான் வேதனை.

ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகக் குறைப்பதற்கு வழி சொல்வார்.

தயாரித்தவர் பெயரோ, உள்ளே என்ன இருக்கிறது என்றோ இல்லாத சிவப்பழகு கிரீம்களைத் தொடவே வேண்டாம். சிலவற்றில் பாதரசம் இருக்கும். கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்கு, சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோய் வந்தது 2023-ல் செய்தியானது.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா இரண்டும் வேண்டாம். எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகிக் கருக்கவும் கூடும்.

படி 3: சன்ஸ்கிரீன்

இது இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல், பி.ஏ.+++ என்று போட்டிருப்பதை வாங்குங்கள் (வெயிலின் புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் குறிகள் இவை). ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி உள்ளே வரும், அதனால் வீட்டில் இருந்தாலும் காலையில் பூசுங்கள்.

மங்கு உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே கருமையைக் கூட்டும். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் அதையும் ஓரளவு தடுக்கும். வண்டியில் போகிறவர்கள் துப்பட்டாவும் சுற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: ஒரே ஒரு மருந்து

தொடக்கத்துக்கு அசெலாயிக் ஆசிட் 10 சதவீதம் நல்லது. பருவுக்கும் சேர்த்து வேலை செய்யும். அது அரிப்பெடுத்தால் நயாசினமைடு 5 சதவீதம். முதலில் தாடை ஓரத்தில் சில நாள் போட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் இரவில் முகம் கழுவி, பட்டாணி அளவு எடுத்துப் பூசுங்கள், மேலே மாய்ஸ்சரைசர். லேசான குறுகுறுப்பு பரவாயில்லை. எரிந்து சிவந்தால் விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகள் ரெட்டினாய்டு (மேலே சொன்ன ட்ரெட்டினாயின் இந்த வகைதான்), ஹைட்ரோகுயினோன் எதையும் தொடக் கூடாது. மற்றதையும் மருத்துவரைக் கேட்டே போடுங்கள்.

படி 5: காத்திருங்கள்

மாற்றம் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். தினமும் கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். மங்கு குறைந்த பிறகும் சன்ஸ்கிரீனை விடாதீர்கள், ஒரு கோடையிலேயே திரும்பி வந்துவிடும்.

படி 6: எப்போது மருத்துவர்?

மூன்று மாதத்தில் பலன் இல்லையென்றால் போங்கள். ஒரே ஒரு புள்ளி மட்டும் வேகமாகப் பெரிதானாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ காத்திருக்கவே வேண்டாம். கழுத்திலும் அக்குளிலும் தடித்துக் கருத்திருந்தால் சர்க்கரையையும் சோதித்துவிடுங்கள். ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள். ரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறதா என்று மருத்துவர் விசாரித்த பிறகே கொடுக்கிற மருந்து அது. பார்லரில் செய்யும் லேசர், தோலின் மேலடுக்கை உரிக்கும் பீலிங் வேண்டாம். நம் நிறத்துக்கு அளவு தப்பினால் கருமை கூடிவிடும்.

போகும்போது இதுவரை பூசிய டியூப், டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காலி டியூபாக இருந்தாலும் சரி. எந்த மருந்தை எத்தனை நாள் போட்டீர்கள் என்பது தெரிந்தால்தான் அவரால் சரியாகத் தொடங்க முடியும்.