இரத்த அழுத்த மாத்திரை இரத்த ஓட்டத்தை என்ன செய்கிறது: தோட்ட வேலைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில், இரத்த அழுத்த மாத்திரை இரத்தத்தை இளக்கிவிடும் என்று நம்பி, பல் பிடுங்கப் போகும் முன் அதைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரத்தம் உறைவதைத் தடுப்பவை ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற வேறு மருந்துகள். அவற்றையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

முதலில் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையின் பெயரைப் படித்துப் பாருங்கள். அது அம்லோடிபின் என்றால், இரத்தத்தின் தடிப்பை அது மாற்றுவதில்லை; சிறு தமனிகளின் சுவர்த் தசைக்குள் கால்சியம் புகுவதைக் குறைத்து, அவற்றை விரியச் செய்கிறது. 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் கண்டறிந்தபடி, குழாயில் ஓட்டம் அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆகவே ஆரம் 10 விழுக்காடு கூடினாலே, மற்றவை மாறாதிருக்கும்போது, ஓட்டம் ஏறக்குறைய 46 விழுக்காடு கூடும். இதே விரிவினால்தான் சிலருக்குக் கணுக்கால் வீங்குகிறது.

நீர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதையசைடின் கதை வேறு. அது உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுவதால், முதல் சில வாரங்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, சிவப்பணுக்களின் விகிதம் சற்று ஏறி, இரத்தம் சிறிதளவு தடிக்கக்கூடும். பிறகு நீர்ப்பகுதி பெருமளவு மீண்டுவிடும். பெரிண்டோபிரில் என்ற மற்றோர் இரத்த அழுத்த மாத்திரையை உண்போரில் சிலருக்கு, மாறாக, சிவப்பணு சற்றே குறையலாம்.

விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு)ப் போய், நண்பகல் வெயில்வரை செம்பனைக் குலை அறுப்பவருக்கு வியர்வையிலும் நீர் போகிறது; மாத்திரையாலும் நீர் போகும்போது, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். இதய நோயோ சிறுநீரக நோயோ இருப்பவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால், நீர் மாத்திரையையும் பெரிண்டோபிரிலையும் அன்று உண்ணலாமா என்று உடனே கிளினிக்கில் கேளுங்கள். இடுப்பு வலிக்கென்று கடையில் டைக்லோஃபினாக் வாங்கி இவ்விரண்டோடும் சேர்த்து உண்பதை நான் மிகவும் அஞ்சுகிறேன். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்து அது பழுதடையலாம்.

வீட்டில் அளக்கும்போது, வரக்காப்பி குடித்திருந்தால் அரைமணி நேரமாவது கழித்து, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் அமர்ந்த பின் அளந்து, எழுந்து நின்று ஒன்றாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மீண்டும் அளக்கவும். அமர்ந்து அளந்ததைவிட மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால், அல்லது தலை சுற்றினால், மாத்திரையை நிறுத்தாமல் அந்த எண்களை நேரத்தோடு குறித்து, அடுத்த தவணைக்குக் காத்திராமல் கிளினிக்கில் காட்டுங்கள்.